லவுதலீனுவின் நாக்கு

திராட்சை இலையைப் பறிக்கமாட்டார் லவுதலீனு. கொடியிலேயே விட்டு, குழந்தையின் முகவாயைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, அடிப்பக்கத்தில் ஒரே ஒரு நக்கு. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அதற்குமுன் பல் விளக்கியிருக்கமாட்டார், காப்பி குடித்திருக்கமாட்டார், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்; பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் வாய் கசந்துவிடும் என்பது அவர் கணக்கு. மேட்டில் ஒரு இலை, நடுவில் ஒரு இலை, கடலோரத்தில் ஒரு இலை. நக்கி முடித்ததும் கல்கட்டின்மேல் ஏறி நின்று ஒன்று "சுத்தம்!" என்று கத்துவார், இல்லையென்றால் "கழுவு!" என்று கத்துவார். மேற்குக் காற்று அடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் லஜீது ஊர்ச் சனங்கள் அந்த ஒரு சொல்லுக்காக ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள்.

அதென்ன அவ்வளவு பெரிய சொல் என்று கேட்கிறவர்கள் இந்த பீக்கோ தீவில் ஒரு கோடையாவது இருந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். இங்கே திராட்சைக்கு மண் கிடையாது. எரிமலை என்றைக்கோ கக்கிவிட்டுப் போன கருங்கல்தான் தரை. அந்தக் கல்லின் வெடிப்பில் குச்சியை நட்டு, சுற்றிலும் அதே கல்லை இடுப்பளவுக்கு அடுக்கினால் ஒரு பட்டி. ஆடு அடைக்கிற பட்டி மாதிரிதான். உள்ளே ஆட்டுக்குப் பதிலாக நாலைந்து கொடி படுத்துக் கிடக்கும். இப்படிப் பட்டி பட்டியாகக் கடல்வரைக்கும் போகும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல் ராத்திரியில் அந்தச் சூட்டைப் பழத்துக்குக் கொடுக்கும். கடல் காற்று கொஞ்சம் கரிப்பைக் கொடுக்கும். தலைநகர் லிஸ்பனிலிருந்து வருகிற கனவான்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு "கல் வாசம், கடல் வாசம்" என்று உருகுவதெல்லாம் இதற்குத்தான். ஆனால் அதே கடல் ஒரு ராத்திரி மூர்க்கம் கொண்டு, மழையில்லாமல் வெறும் காற்றை மட்டும் அனுப்பினால் தொலைந்தது. உப்பு பனியோடு கலந்து இலைமேல் உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறுவதற்குள் நல்ல தண்ணீரில் கழுவினால் இலை பிழைக்கும், இல்லையென்றால் கருகிவிடும். இலை போன கொடியில் பழம் பழுக்காது. சரி, எதற்கும் கழுவித்தான் வைப்போமே என்றால் அதுவும் ஆகாது. வெக்கைக் காலத்தில் தேவையில்லாமல் நனைந்த இலையில் பூஞ்சணம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் அடி விழுகிற காரியம் இது.

எல்லார் வாயிலும்தான் நாக்கு இருக்கிறது, அவரவர் தோட்டத்தை அவரவரே நக்கிக்கொள்ளக் கூடாதா என்றால், கூடும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒருவன் உப்பு என்பான், அடுத்தவன் இல்லை என்பான், மூன்றாமவன் ராத்திரி தின்ற கருவாட்டின் உப்பை இலைமேல் ஏற்றிச் சொல்லுவான். லவுதலீனு மட்டும் ஒருதரம்கூடத் தப்பியதில்லை. போகப் போக மற்றவர்கள் நக்குவதை விட்டுவிட்டார்கள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? காப்பிக்கடை குவல்த்தேர் கேலி பண்ணுவான்: "வந்துட்டாருய்யா நம்ம ஊரு கிடா! இன்னிக்கு எத்தனை இலை மேஞ்சீங்க?" இவர் தொப்பியைக்கூடத் தொடாமல், "உங்க அப்பன் தோட்டத்துல மேஞ்சேன், அதான் வயித்த வலிக்குது" என்பார். கடையே சிரிக்கும்.

ஆள் குள்ளம். அறுபதைத் தாண்டியவர். ஆகஸ்டு வெயிலிலும் கம்பளித் தொப்பி. தொழில், கல்கட்டுக் கட்டுவது; சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கல்மேல் கல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவன் கட்டிய கல்கட்டின்மேல் உட்காரமாட்டார். "விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்பார். காற்சட்டைப் பைக்குள் எப்போதும் தட்டைக் கற்கள் கிடக்கும். பழம் திரளும் காலத்தில் தரைக்கல்லின் சூடு குலையைச் சுட்டுவிடாமல் ஒவ்வொரு குலைக்கும் கீழே ஒரு கல்லை முட்டுக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு வந்தபோது பைக்குள் கையை விட்டுக் காசென்று கல்லைப் போட்டுவிட்டார். தட்டு ணங்கென்றது. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அதுவும் ஆண்டவர் படைச்சதுதானே" என்று சொல்லிவிட்டு இவர் மண்டியிட்டுக்கொண்டார்.

ஒயின் போடுவதிலும் அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. பழத்தைக் காலையிலேயே பறித்துவிட வேண்டும். குலையைக் காம்போடு, உதிர்க்காமல், கல் வீட்டுக்குள் இருக்கும் மரச்செக்கில் போட்டு மெதுவாக அழுத்த வேண்டும். "கழுத்தை நெரிக்காதே, கையைப் பிடி" என்பார், செக்கைத் திருகுகிறவனைப் பார்த்து. ஓடிவருகிற சாற்றை ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேல்சாற்றை மட்டும் எஃகுத் தொட்டிக்கு மாற்றுவார். மரப்பீப்பாய் கிட்டவே வரக்கூடாது. மர வாசம் ஏறினால் கல் வாசம் செத்துப்போகும். நுரைத்துப் பொங்கி அடங்கும்வரை தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. பிறகு அடியில் தங்கும் கசண்டைக் குளிர்காலம் முழுக்க ஒரு கோலால் கிளறிக்கொண்டே இருப்பார். எப்போது பறிப்பது, எப்போது மாற்றுவது, எப்போது போத்தலில் அடைப்பது எல்லாம் நாக்கு சொன்னபடி. "புளிப்பு நிக்குது, உப்பு வந்து உக்காரல" என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவார். அந்த வாரம் நத்தேர்சியா படுகிற பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். நத்தேர்சியா என்பது அவர் மனைவி.

அந்த நாக்கு பிப்ரவரியில் செத்துப்போயிற்று.

காய்ச்சல்தான். தீவே இருமிக்கொண்டிருந்த மாதம். எல்லாருக்கும் போல அவருக்கும் வந்தது, போனது, போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தேனை வாயில் விட்டால் பசை மாதிரி இருந்தது. பாறைச் சிப்பியைப் பூண்டு போட்டு வறுத்து வைத்தால் ரப்பரைக் கடிப்பதுபோல இருந்தது. டாக்டரிடம் மட்டும் போய்ச் சொன்னார். அதுவும் எதிர்த் தீவுக்குப் படகேறிப் போய், தெரியாத டாக்டரிடம். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். வரலாம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே பயணத்தில் பழத்தின் சர்க்கரை பார்க்கிற கண்ணாடிக் குழல் ஒன்றையும் வாங்கித் தொப்பிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டார். அடுத்தவன் அதை வைத்திருந்தால், "கண்ணுக்குத்தான் கண்ணாடி போடுவாங்க, உனக்கு நாக்குக்குமா?" என்று கேட்ட மனுஷன்.

நத்தேர்சியாவுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? தரை துடைக்க வைத்திருந்த காடியை, அதாவது வினிகரை, பழைய ஒயின் போத்தலில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைத்திருந்தாள். மத்தியானம் சோளரொட்டியும் சேப்பங்கிழங்கும் சாப்பிட உட்கார்ந்த மனுஷன் அதை எடுத்துக் கோப்பை நிறைய ஊற்றினார். அவள் "ஐயையோ" என்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, அது காடி."

அவர் கோப்பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எப்போயிருந்து?" என்றாள்.

"காய்ச்சல்லேருந்து. வந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"வர்றப்ப வரட்டும். இப்ப ஊருல சொல்லிருங்க. அவங்கவங்க இலையை அவங்கவங்க நக்கிக்கட்டும்."

"வாயை மூடு."

"நாளைக்கு ஒரு காத்தடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"வாயை மூடுன்னு சொன்னேன்ல. இந்த நாக்கு இல்லாட்டி நான் யாருடி? கல்லு தூக்குற கூலி. அவ்வளவுதானே?"

பாவம், நத்தேர்சியா வாயை மூடிக்கொண்டாள். புருஷன் மானம் தன் மானம் என்று நினைக்கிற பழைய ரகம் அவள். வசந்தத்தில் காற்று அடித்த நாட்களிலெல்லாம் நல்லவேளையாக மழையும் சேர்ந்தே வந்தது. மழை கழுவிய இலையைச் சும்மா நக்கிவிட்டு "சுத்தம்!" என்று கத்தினார். அது சரியாகவே இருந்தது. ஊர் எப்போதும்போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது.

இதில் சுல்மீரா எங்கே வருகிறாள் என்றால், கடலோரத்தில் இருப்பவை இரண்டே தோட்டங்கள். ஒன்று லவுதலீனுவுடையது, அதை ஒட்டி இன்னொன்று சுல்மீராவுடையது. அவள் அப்பன் சாகும்போது புதர்க்காடாக விட்டுவிட்டுப் போன இடம். சுல்மீரா பக்கத்து ஊர் மதலேனாவில் சூரைமீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள், அரிவாளை எடுத்துக்கொண்டு புதருக்குள் இறங்கிவிட்டாள். புருஷன் செஃபெரீனு கனடாவில், டொரோன்டோவில், கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். "அங்க என்னத்தடி நோண்டிக்கிட்டிருக்க, இங்க வந்து சேரு" என்று போனில் கத்துவான். இவள் வளைந்துகொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவளுடைய கொடி முதல் ஒயினைக் கொடுத்தால் அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தீவுக்குத் திரும்புவது. கொடுக்காவிட்டால் இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது. இது ஊருக்கே தெரியும். குவல்த்தேர் கடையில் பந்தயமே கட்டியிருந்தார்கள்.

அவளுடைய பட்டிகளை அடுக்கிக் கொடுத்தவர் லவுதலீனுதான். "மாமா, இந்த வருசம் பழம் நிக்குமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். "நிக்காம எங்க போகும்? உன் புருசன் தொப்பையோட வந்து இறங்குவான் பாரு, இந்தச் சந்துல நுழைய மாட்டான், கல்கட்டை நான்தான் இடிச்சு வழி பண்ணணும்" என்பார். அவள் சிரிப்பாள். அந்த வருஷம் அவள் கொடியில் குலைகள் நெருக்கியடித்துக்கொண்டு பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே முட்டுக்கல் வைக்க இவரும்தான் முழங்காலில் தவழ்ந்தார்.

ஜூலை கடைசியில் வந்தது அந்தக் காற்று. மழை ஒரு சொட்டு இல்லை. ராத்திரி முழுக்கக் கடல் கரைப்பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. விடியலில் காற்று நின்று, வானம் ஒன்றுமே நடக்காததுபோல வெளிறிக் கிடந்தது. லவுதலீனு எழுந்து போனார். மேட்டு இலையை நக்கினார். நடு இலையை நக்கினார். கடலோர இலையை நக்கினார், மறுபடியும் நக்கினார். ஈரம் தெரிந்தது. குளிர்ச்சி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

சுல்மீரா தண்ணீருக்கு டிராக்டர்க்காரனிடம் சொல்லிவைத்துவிட்டு ஓடி வந்தாள். "மாமா, கழுவணுமா? தண்ணி வண்டி ரோட்டுல நிக்குது."

இந்த இடத்தில் அந்த மனுஷன் வாயைத் திறந்து, நீயே ஒரு தடவை நக்கிப் பாரம்மா என்று சொல்லியிருக்கலாம். அவளே அதற்கு வழியும் வைத்தாள்: "நான் நக்கினா எல்லாமே உப்பாத்தான் இருக்கு மாமா. அந்த மீன் கம்பெனியில பத்து வருசம் நின்ன நாக்கு, நம்ப முடியாது. நீங்க சொல்லுங்க."

அவர் இலையைப் பார்த்தார். பனித்துளி தெளிவாக இருந்தது. காற்று உயரத்தோடு போய்விட்டது, கீழே உப்பு விழுந்திருக்காது என்று ஒரு சமாதானம் மனசுக்குள் வந்தது. கழுவச் சொல்லிப் பூஞ்சணம் பிடித்தால் பாவம் என்று இன்னொன்றும் வந்தது. பயந்தவனுக்குக் காரணமா கிடைக்காது? கட்டின்மேல் ஏறினார்.

"சுத்தம்!" என்று கத்தினார்.

சுல்மீரா சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். இவர் மேட்டுத் தெருவில் யாரோ வீட்டுக் கட்டுச் சரிந்ததைச் சரிபண்ணப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பியபோது நத்தேர்சியாவின் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. கேட்டதற்குத் துணி துவைத்தேன் என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்து வந்தவை கொளுத்துகிற நாட்கள். சுல்மீராவின் இலைகள் முதலில் ஓரத்தில் பழுத்தன. பிறகு பழுப்பு உள்ளே ஏறியது. வாரம் திரும்புவதற்குள் தோட்டம் முழுக்க அடுப்பில் வாட்டிய காகிதம்போல ஆகிவிட்டது, தொட்டால் நொறுங்கியது. நிழல் போனதும் குலைகள் வெயிலில் வதங்கிச் சுருங்கத் தொடங்கின. மேட்டுத் தோட்டங்களுக்கு அந்த ராத்திரி உப்பு எட்டியிருக்கவில்லை. அங்கே ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் திகைக்க வைத்தது என்னவென்றால், சுல்மீராவின் தோட்டத்தை ஒட்டி, அதே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த லவுதலீனுவின் தோட்டம் பச்சைப் பசேலென்று நின்றதுதான்.

குவல்த்தேர்தான் போட்டு உடைத்தான். அன்றைக்குக் காலையில் நத்தேர்சியா முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு பட்டி பட்டியாக ஏறி இறங்கியதைக் கடை மாடியிலிருந்து பார்த்திருக்கிறான். மருந்தடிக்கிறாள் என்று நினைத்தானாம்.

சுல்மீரா அவர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள். பின்னால் பாதி ஊர்.

"மாமா. என்கிட்ட சுத்தம்னு சொல்லிட்டு, நீங்க கழுவுனீங்களா?"

லவுதலீனுவுக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் நாக்கை நம்பாமல் அன்று காலை தானே போய் இலையை நக்கியவள் அவள். உப்பு தெரிந்ததும் தன் தோட்டத்தை மட்டும் கழுவிவிட்டு வந்திருந்தாள். அடுத்த பட்டிக்குப் போய்ச் சொன்னால், உன் புருஷன் சுத்தம் என்றாரே என்று கேட்பார்கள். அதற்கு நாக்கு செத்த கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது "அம்மாடி சுல்மீரா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா," என்றார் லவுதலீனு. சத்தமாகவே சொன்னார். "கழுவினோம். அதுக்கு என்ன இப்போ?"

அட பாவி மனுஷா! ஊரை ஏமாற்றியவன் என்ற பேர் வந்தாலும் வரட்டும், நாக்கு செத்தவன் என்ற பேர் வரக்கூடாது என்று அந்த ஒரு நொடியில் முடிவு பண்ணிவிட்டார். சுல்மீரா அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் பழம் நின்னா உங்களுக்கு என்ன மாமா குறைஞ்சிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லவுதலீனு காப்பிக்கடைக்குப் போனால் குவல்த்தேர் கோப்பையை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கேலி பண்ணவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காற்று அடித்த மறுநாள்களில் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்தில் குனிந்து தங்கள் இலையைத் தாங்களே நக்கினார்கள். அறுவடைக்கு வழக்கமாக வருகிற கைகள் ஒன்றுகூட வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே தவழ்ந்து, தாங்களே பறித்து, தாங்களே சுமந்து, தாங்களே செக்கைத் திருகினார்கள். எப்போது பறிப்பதென்று தொப்பிக்குள் இருந்த கண்ணாடிக் குழல் சொன்னது. சாறு ஓடி வந்தபோது வழக்கம்போல ஒரு கோப்பை பிடித்துக் குடித்தார். தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. "எப்படி இருக்கு?" என்று அவளிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அழுதாள். "இப்படி ஒரு சாறு நம்ம வீட்டுல ஓடினதே இல்லீங்க" என்றாள். அவர் திரும்பிச் செக்கின் கைப்பிடியைத் திருகினார்.

நல்ல குலைகளாகப் பொறுக்கி இரண்டு பெட்டி நிறைத்துச் சுல்மீரா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மத்தியானம் பார்த்தால் பெட்டிகள் நடுரோட்டில் கவிழ்ந்து கிடந்தன. பழத்தில் குளவி மொய்த்தது. கோழிகள் மேய்ந்தன. அதைக் கூட்டிப் பெருக்கவும் யாரும் வரவில்லை.

டொரோன்டோவுக்குச் சீட்டு எடுத்துவிட்டாள் என்ற சேதி செப்டம்பர் கடைசியில் வந்தது. சுல்மீராவின் கொடியில் மிஞ்சியதைப் பிழிந்தால் ஒரு குடம்கூடத் தேறாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் ஆச்சரியப்படவில்லை. நத்தேர்சியா அன்று சமைக்கவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? போன இலை திரும்பி வருமா?"

"வராது. பச்சைத் துரோகம் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு அந்தப் புள்ள பிளேன் ஏறக் கூடாது. அத்தனை தூரம் அதைச் சுமந்துட்டுப் போவணுமா அவ? நான் உங்களுக்காக வாயை மூடினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நத்தேர்சியாவும் எழுந்தாள். வராதே என்று கையைக் காட்டினார்.

சுல்மீராவின் சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளறையில் கட்டிலின்மேல் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவள் கானாங்கெளுத்தியை முதுகில் கீறி உப்பு அடைத்துக்கொண்டிருந்தாள். செஃபெரீனுவுக்குப் பிடித்த மீன், காயவைத்துக் கொண்டுபோகத்தான். பக்கத்தில் ஒரு பேசின் நிறையக் கல்லுப்பு. வந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்ன, வழியனுப்ப வந்தீங்களா?" என்றாள். "இல்ல, என் பட்டியையும் சேத்து உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகச் சொல்லிக் கேக்க வந்தீங்களா? கேளுங்க. கேட்டுட்டுப் போங்க. உங்களுக்கென்ன கூச்சம்?"

"சுல்மீரா, அது... பிப்ரவரியில..."

"பிப்ரவரியில என்ன?"

"எனக்கு ஒரு காய்ச்சல்..."

"ஊருக்கே காய்ச்சல். அதுக்கு?"

வருஷக்கணக்காக ஒரே சொல்லை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திய குரல், இந்தச் சின்ன அறையைத் தாண்டி எழும்பவில்லை. தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவள் அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள். போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

லவுதலீனு ஓரடி முன்னால் வந்தார். பேசினுக்குள் கையை விட்டு உப்பை ஒரு பிடி அள்ளினார். வாயில் போட்டு மென்றார்.

நறநறவென்று சத்தம் கேட்டது. சுல்மீரா கத்தியை வைத்துவிட்டு, "என்ன கூத்து இது? இப்போ யாரைக் கேலி பண்றீங்க?" என்றாள். அவர் மென்றுகொண்டே இருந்தார். மெதுவாக, பசியில்லாதவன் ரொட்டியை மெல்லுவது மாதிரி. கண் சுருங்கவில்லை, உதடு கோணவில்லை. ஒரு வாய் விழுங்கினார். தொண்டையில் ஏறி இறங்கியது தெரிந்தது. மறுபடியும் பேசினுக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளினார். அதையும் வாயில் போட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றார்.

அவள் முதலில் எரிச்சலோடு பார்த்தாள். பிறகு வெறுமனே பார்த்தாள். பிறகு அவள் கை மீனின்மேலேயே நின்றுவிட்டது. அடுப்பில் கஞ்சி கொதித்து மூடியைத் தள்ளியது. இறக்கிவைக்க அவள் நகரவில்லை.

"ஐயோ மாமா," என்றாள் கடைசியில். "அன்னிக்கும் இப்படித்தானா?"

அவர் தலையை ஆட்டினார். வாய் நிறைய உப்பு. ஓரத்தில் எச்சில் வெள்ளையாக ஒழுகியது. தாடை மட்டும் நிற்கவில்லை, மென்றுகொண்டே இருந்தது.

சுல்மீரா எழுந்தாள். செதில் ஒட்டிய கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். அவர் அருகில் வந்து, உள்ளங்கையைக் குழித்து அவர் முகவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்க," என்றாள்.

அவர் துப்பவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.